பழனி வேனும் பாய்மரக் கொடியும்

கடலை நான் நான்கு முறை பார்த்திருந்தேன். நான்கும் திருச்செந்தூரில். செந்திலாண்டவன் கிழக்கே கடலை நோக்கி நிற்கிறான். அவனைத் தரிசிக்க நிற்பவர்கள் கடலுக்கு முதுகு காட்டித்தான் நிற்க வேண்டும். ஆகவே கடலை நான் பார்த்தேன் என்பதைவிட, கடல் என் முதுகைப் பார்த்தது என்று சொல்வதே சரியாகும்.

ஆனால் கடலைப் பாடியிருக்கிறேன். பிறவியைக் கடலென்றும், திருவடியைத் தெப்பமென்றும், வினையைச் சூறைக்காற்றென்றும் வருகின்ற பதிகங்களை ஐம்பது ஆண்டுகளாக நாள் தவறாமல் ஓதிவருபவன் நான். நூல் வியாபாரத்தை மகனிடம் விட்ட பிறகு காலை மாலை இரண்டு வேளையும் அதுவே என் வேலை. சொல்லிச் சொல்லிப் பழகிய ஒன்றைக் கண்ணால் கண்டதாகவே மனம் எடுத்துக்கொண்டுவிடுகிறது. இந்த மயக்கத்தால் முந்நூறு சட்டைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் மருமகள் பெருமாநல்லூர் சாலையில் ஒரு எம்பிராய்டரி யூனிட் நடத்துகிறாள். பன்னிரண்டு ஊசித்தலை கொண்ட ஒரே ஒரு மெஷின். ஒரே சமயத்தில் பன்னிரண்டு சட்டைகளில் ஒரே படத்தைத் தைத்துத் தள்ளும். ஆறேழு ஆண்டுகளாக மற்ற கம்பெனிகளின் சட்டைகளுக்குப் பூவும் எழுத்தும் போட்டுக் கொடுக்கும் ஜாப் ஒர்க்தான். தன் பெயரில், தானே துணி எடுத்து, தானே தைத்து, நேராக ஒருவருக்கு அனுப்ப வேண்டும் என்பது அவளுடைய ஆசை. நூல் வியாபாரத்தோடு மங்கலத்தில் தறிகளையும் கட்டிக்கொண்டு அல்லாடும் என் மகனுக்கு அதில் நம்பிக்கையில்லை. "ஒண்ணே ஒண்ணு செஞ்சு பாரு. அது திரும்பி வந்துச்சுன்னா, மறுபடி ஜாப் ஒர்க்கே பண்ணிட்டு நிம்மதியா இருக்கோணும்" என்று ஒரு நாள் சாப்பாட்டின்போது சொல்லிவிட்டான். அவளும் "சரிங்க" என்றாள். அந்த ஒன்று கடலிலிருந்து வந்தது.

கொச்சியில் ஒரு மரப் பாய்மரப் படகு இருக்கிறது. கடற்படையில் சேரும் மாணவர்களுக்குக் காற்றையும் கயிற்றையும் பழக்குவதற்கென்றே வைத்திருக்கும் படகு. எஞ்சின் பார்த்துப் பழகியவன் கடலைப் பழகியவன் ஆகமாட்டான் என்பது அவர்கள் கொள்கையாம். பழைய படகு, பலகைகளைச் செப்பனிட்டு மறுபடி நீரில் இறக்கப்போகிறார்கள். அந்த நாளில் மாணவர்களும் மாலுமிகளும் அணிவதற்கு முந்நூறு காலர் டி-ஷர்ட். நெஞ்சில் அந்தப் படகின் படம். அதற்குப் பொறுப்பாக இருந்தவர் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஒருவர். கொச்சியில் குடியேறிவிட்ட தமிழர். யார் மூலமோ எங்கள் மருமகளைக் கேள்விப்பட்டுக் கைப்பேசியில் ஒரு புகைப்படம் அனுப்பினார்.

படத்தில் படகு வலப்பக்கம் நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு பெரிய பாய், நிறை குடம்போல் உப்பி நின்றது. மாணவர்கள் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பாய்மரத்தின் உச்சி மட்டும் படத்தில் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. மருமகள் அதைத் தையல் படமாக்கி, ஒரு மாதிரிச் சட்டை தைத்து அனுப்பினாள். அதிகாரி பார்த்துவிட்டுத் தொலைபேசியில் பேசினார். "பிரமாதம். ஒண்ணே ஒண்ணுதான் குறை. உச்சியில ஒரு கொடி இருக்கணும், நீளமா, முக்கோணமா, நீல நிறத்துல. மறுபடி சாம்பிள் அனுப்ப நேரமில்ல. கொடியைச் சேர்த்து முந்நூறும் போட்டுடுங்க. வியாழக்கிழமை நானே வந்து பார்த்து எடுத்துக்கிறேன்."

கேள்வி அங்கேதான் எழுந்தது.

"மாமா, கொடி எந்தப் பக்கம் பறக்கோணுங்க?" என்று கேட்டுக்கொண்டு மருமகள் வந்தாள். நான் அப்போது யூனிட்டில்தான் இருந்தேன். எந்த ஆர்டர் ஆனாலும் முதலில் தைத்த சட்டையைப் பூஜை அலமாரியில் முருகன் படத்தின் முன் வைத்து, குங்குமமிட்டு, நான் ஒரு பதிகம் பாடிய பிறகுதான் மெஷின் தொடர்ந்து ஓடும். சரக்கு வண்டியேறும்வரை அந்த முதல் பீஸ் அலமாரியை விட்டு இறங்காது. அது எங்கள் வழக்கம்.

"இதிலென்ன சந்தேகம், அம்மிணி? படகு முன்னால போனா, கொடி பின்னால பறக்கும்."

"அவருக்கு ஒரு போன் பண்ணிக் கேட்டுட்டா என்னங்க?"

"மொத ஆர்டரு. கொடி எப்படிப் பறக்கும்னு கேட்டா, இவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சுக்க மாட்டாங்களா? வருசா வருசம் பழனிக்கு நடக்கறமே, நமக்கு முன்னால அரிசி பருப்பெல்லாம் ஏத்திக்கிட்டு வேன் போகுதே, அதுல சேவல் கொடி கட்டியிருக்குதே, அது எந்தப் பக்கம் பறக்குது?"

அவள் யோசித்தாள். "பின்னாலதானுங்க."

"தாராபுரம் தாண்டி, பழனி அடிவாரம் வரைக்கும் பின்னாலதான். தரையில ஒரு நியாயம், தண்ணியில ஒரு நியாயமா?"

அப்போது மேசையோரம் உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த அக்கா தலைநிமிர்ந்தார். இராமநாதபுரத்துக் கடற்கரை ஊரிலிருந்து பிழைக்க வந்தவர், ஐம்பது வயதிருக்கும். யூனிட்டில் எல்லோருக்கும் அவர் அக்காதான்.

"ஐயா, வேனு எஞ்சினுல ஓடுது. வள்ளம் காத்துலல்ல ஓடுது? காத்து பின்னால இருந்து தள்ளுனாத்தான் முன்பாய் இப்பிடி உப்பும். காத்து எங்கிட்டுப் போகுதோ, கொடியும் அங்கிட்டுத்தான் போகும். முன்னால பறக்கணும்யா."

இந்த இடத்தில் நான் மௌனமாக இருந்திருக்கலாம். ஆனால் நான் வாய் திறந்து, வினைக்காற்று, பிறவிக்கடல், தெப்பம் மூன்றும் ஒருங்கே வருகின்ற ஒரு பாடலை முழுதாகப் பாடி, அதற்குப் பொருளும் சொன்னேன். அந்தப் பாடலில் கொடியே கிடையாது. ஆனாலும் பாடி முடித்ததும் அக்கா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, மறுபடி கத்தரியை எடுத்துக்கொண்டார். அந்தக் கும்பிடு பாட்டுக்கு. அதை என் தீர்ப்புக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டேன்.

முதல் பீஸ் தைத்து வந்தது. கொடி பின்னோக்கி அழகாகப் பறந்தது. முருகன் முன் வைத்தேன். குங்குமமிட்டேன். மெஷின் ஓடத் தொடங்கியது.

திங்கட்கிழமை பிற்பகலுக்குள் முந்நூறும் முடிந்துவிட்டன. தேநீர் வந்தது. நான் டம்ளரோடு நடந்து, அடுக்கி வைத்த சட்டைகளைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தேன். அக்கா ஒவ்வொரு சட்டையிலும் பிசிறு வெட்டி முடித்ததும், ஏதோ முணுமுணுத்துவிட்டு மடித்து வைத்தார். என்ன என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லய்யா. ஒவ்வொரு வள்ளத்துக்கும் ஒரு வேண்டுதல். இதுல ஏறுன பிள்ளைக பத்திரமா கரை சேரணும்ல?"

"ஏன், படகுக்கு என்ன குறை?"

"படகுக்குக் குறையில்ல. காத்துக்குத்தான் கிறுக்குப் பிடிச்சிருக்கு. பாய்க்கு ஒரு பக்கமா அடிக்குது, கொடிக்கு ஒரு பக்கமா அடிக்குது."

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். மருமகள் சிரிக்கவில்லை. பேக்கிங் மேசையிலிருந்து எழுந்து வந்தாள். "அக்கா, வெளையாட்டுக்குச் சொல்றீங்களா, நெசமாச் சொல்றீங்களா?"

அக்கா கத்தரியை வைத்துவிட்டு எழுந்தார். கீழே கிடந்த பனியன் துணித் துண்டு ஒன்றை எடுத்து, இரண்டு மூலைகளையும் இரண்டு கைகளாலும் பிடித்தார். ஒரு கை விரலிடுக்கில் ஒரு நீல நூலையும் தொங்கவிட்டார். அப்படியே போய், வெக்கைக்காக வைத்திருக்கும் பெரிய ஸ்டாண்டு ஃபேனின் முன் நின்றார். துணி குடம்போல் உப்பியது. நூலும் அதே பக்கம் நீண்டு படபடத்தது.

"அந்த நூலை இப்ப ஃபேன் பக்கமாப் பறக்க வைங்கய்யா, பார்ப்போம். வேணும்னா ஒரு பாட்டுப் பாடுங்க."

ஐம்பது ஆண்டுகளில் என்னைப் பாட அழைத்தவர்கள் பலர். அன்றுதான் முதல்முறையாக மறுத்தேன்.

மருமகள் மேசைக்குத் திரும்பிப் போனாள். மடித்த சட்டைகளில் ஒன்றை விரித்து, அந்த நீலக் கொடியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நின்றாள். வியாழக்கிழமை அதிகாரி வருகிறார். கடலிலேயே வாழ்ந்தவர், பார்த்த கணமே பிடித்துவிடுவார். சரக்கு திரும்பும். பிறகு என்றைக்கும் ஜாப் ஒர்க். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவள் கேட்டதோ வேறு.

"மாமா, உங்களுக்கு ஊசி கோர்க்கத் தெரியுங்களா?"

முப்பத்தைந்து ஆண்டுகள் நூல் விற்றவன் நான். மூட்டை மூட்டையாக விற்றிருக்கிறேன். ஓர் இழையைக்கூட ஊசியில் கோர்த்ததில்லை.

"தெரியாதம்மிணி."

"அப்பப் பிரிக்கறதுக்கு உக்காருங்க."

எம்பிராய்டரியைப் பிரிப்பதற்கு ஒரு முறையுண்டு. முன்பக்கம் கை வைத்தால் துணி கிழியும். சட்டையை உட்புறம் திருப்பி, அடிநூலைச் சிறு பிளேடால் மெல்லச் சுரண்டி வெட்ட வேண்டும். பிறகு முன்பக்கம் திருப்பினால் மேல்நூல் தானாகக் கழன்று வரும். ஊசி குத்திய துளைகள்மேல் நீராவி காட்டினால் துணி கூடிக்கொள்ளும். இதை அக்காதான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். கற்றுக்கொடுக்கும்போது அவர் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. அந்தப் பெருந்தன்மைதான் தாங்க முடியாததாக இருந்தது.

செவ்வாய் காலையில் ஒன்பது பேர் உட்கார்ந்தோம். எட்டுப் பெண்களும் நானும். செய்தி கேட்டு என் மனைவியும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள், பத்துப் பேரானோம்.

"ஏனுங்க, கடலையே கமண்டலத்துல மொண்டுட்டு வந்தவராட்டம் பேசினீங்களாமா?" என்றாள் உட்காரும்போதே.

"வேனைப் பார்த்துச் சொன்னேன்."

"வேனுல டிரைவருக்கு வழி சொல்லிப் பழனிக்குப் பதிலா ஒட்டன்சத்திரம் கூட்டிட்டுப் போனீங்களே, அந்த வருசமே எனக்குத் தெரியும், இப்படி ஒரு நாள் வருமுன்னு."

பெண்கள் குனிந்தவாறே குலுங்கினார்கள். நான் பிளேடில் கவனம் செலுத்தினேன். பகல் உணவுக்கு மணி அடித்தபோது மனைவி இருபத்தாறு கொடிகளை இறக்கியிருந்தாள். நான் ஏழு. அந்த ஏழில் ஒன்றை அக்கா வாங்கிப் பார்த்துவிட்டு, "கொடியோட சேர்த்துப் பாய்மரத்தையும் பாதி வெட்டிட்டீகளேய்யா, புயல்ல சிக்குன மாதிரி" என்று தனியே எடுத்து வைத்தார். அதற்கு மெஷினில் புதுப் பாய்மரம் நட வேண்டியதாயிற்று.

பிற்பகலில் கைகள் சோர்ந்தன. வானொலி பழுது. "ஐயா, சும்மா பிரிக்கறதுக்குப் பதிலா எதாச்சும் பாடுங்க, கை ஓடும்" என்று ஒருத்தி கேட்டாள். என் மனைவி, "கொடி பத்தி மட்டும் வேண்டாமுங்க" என்றாள். பாடினேன். ஒரு பதிகத்துக்குப் பதினொரு பாட்டு. முதல் பாட்டில் பிரிக்கத் தொடங்கினால், நான்காம் பாட்டில் என் கொடி கழன்றது. பெண்களுக்கு இரண்டாம் பாட்டே போதுமாயிருந்தது. பாட்டில் தெப்பம் வரும் இடமெல்லாம் அக்கா என்னைப் பார்க்காமல் துணியைப் பார்த்துக்கொண்டார். அத்தனை ஆண்டுகள் ஓதிய அடிகளை அன்றுதான் கையில் ஒரு படகை வைத்துக்கொண்டு ஓதினேன். காற்று என்று வரும்போதெல்லாம் ஃபேன் பக்கம் கண் போயிற்று. இந்தக் காற்று எந்தத் திசையிலிருந்து என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். அதற்குமுன் ஒரு நாளும் கேட்டதில்லை.

புதன்கிழமை முழுவதும் மெஷின் ஓடியது. ஒவ்வொரு சட்டையையும் பாய்மர உச்சி இம்மியும் பிசகாமல் ஃப்ரேமில் பூட்டி, முன்னோக்கிப் பறக்கும் கொடியைத் தைத்தார்கள். ஃப்ரேம் பூட்டியது அக்கா. அன்று மாலை மருமகள் அக்காவின் தோளில் சாய்ந்து ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அவள் மூன்று நாளாக என்னிடம் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பதிலாக என் மனைவி சொன்னதை எழுத இங்கே இடம் போதாது.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். நிமிர்ந்த உடம்பு, நரைத்த மீசை. ஒவ்வொரு சட்டையாக எடுத்தார், வெளிச்சத்தில் பிடித்தார், மடித்து வைத்தார். கொடியைப் பார்த்ததும் தலையசைத்தார். "கொடி கரெக்டா போட்டிருக்கீங்க. இங்க கடல் தெரிஞ்சவங்க யாரோ இருக்காங்க போல." மருமகள் அக்காவைக் காட்டினாள். அக்கா வெட்கத்தோடு எழுந்து நின்றார். நான் கூரையைப் பார்த்தேன்.

கடைசிப் பெட்டியும் முடிந்தது. அதிகாரி நிமிர்ந்தார். "இருநூத்துத் தொண்ணூத்தொம்பது. ஒண்ணு குறையுதே?"

"ஐயோ, மொத பீஸ்" என்று மருமகள் துள்ளி எழுந்து, பூஜை அலமாரியிலிருந்து அதை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள். கொடுத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. எல்லோருக்கும் உறைத்தது. நாங்கள் பிரித்தவை மேசைமேல் இருந்தவை மட்டும். முருகன் முன் இருந்ததை எவரும் தொடவில்லை. தொடுவதும் வழக்கமில்லை.

அதிகாரி விரித்தார். நெஞ்சில் குங்குமம். உச்சியில் கொடி, பழனி வேன்போல், பின்னோக்கி.

அவர் அதை வெகுநேரம் பார்த்தார். மெஷின் நின்றிருந்தது.  நான் முன்னால் போனேன்.

"இது என் தப்புங்க. இந்தப் பொண்ணு உங்களைக் கேக்கலாம்னுதான் சொல்லுச்சு. இந்த அக்கா சரியாத்தான் சொன்னாங்க. ரெண்டு பேரையும் கேக்காம, பழனிக்குப் போற வேனைப் பார்த்து நான் சொன்னது. முந்நூறும் இப்படித்தான் இருந்துச்சு. ரெண்டு நாளா உக்காந்து பிரிச்சு மாத்தினாங்க. சரக்கைத் திருப்பறதா இருந்தா, என்னை வேணும்னா..." என்று தொடங்கி, என்னை என்ன செய்யலாம் என்று தெரியாமல் நின்றுவிட்டேன்.

அதிகாரி சிரிக்கத் தொடங்கினார். முதலில் மீசைக்குள், பிறகு வயிறு குலுங்க.

"பெரியவரே, இது தப்பே இல்ல. இப்படி ஒரு நொடி வரும். முன்பாய் உப்பி நிக்கும்போது, சுக்கான் பிடிச்ச பையன் படபடத்துப் படகைக் காத்துக்கு எதிரா திருப்பிடுவான். கொடிதான் முதல்ல பின்னால திரும்பும். அடுத்த நொடி பாய் மடார்னு மரத்துல சுத்திக்கும், எல்லாரும் கத்துவாங்க. முதல் வாரம் எங்க பசங்க ஒவ்வொருத்தனும் இதைப் பண்ணுவான். நானும் பண்ணியிருக்கேன். அந்த நொடியை அப்படியே தச்சு வச்சிருக்கீங்க." சட்டையை நெஞ்சில் வைத்துப் பார்த்துக்கொண்டார். "வாரக் கடைசியில, யாரு ரொம்ப மோசமாத் திருப்பினானோ, அவனுக்கு இதைப் போட்டுவிடலாம். ஆமா, இதேபோல இன்னும் ஒரு டஜன் கிடைக்குமா?"

எட்டுப் பெண்களும் ஒருசேரத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஒன்பதாவதாக என் மனைவி.

மருமகள் மட்டும் அதிகாரியைப் பார்த்து, "கிடைக்குங்க சார். சரியா பன்னண்டு ஊசித்தலை இருக்குதுங்க" என்றாள்.  அவர் போகும்போது, அடுத்த குழுவுக்கும் இங்கேயே சொல்லிவிடுவதாகக் கூறினார். அன்று இரவுச் சாப்பாட்டில் என் மகன் ஜாப் ஒர்க் என்ற சொல்லையே எடுக்கவில்லை. இன்னொரு கரண்டி ரசம் மட்டும் கேட்டான்.

படகை நீரில் இறக்கிய நாளுக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். மருமகள், மனைவி, அக்கா, நான் நால்வரும் கொச்சிக்குப் போனோம். மரத் தளத்தில் கீறல் விழும் என்பதால் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறச் சொன்னார்கள். எனக்கு அது மிகப் பொருத்தமாகப் பட்டது. படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பலகைக்கும் பலகைக்கும் நடுவே பருத்தித் திரியைத் திணித்து அடைத்திருப்பதை அதிகாரி காட்டினார். "உங்க ஊர்ச் சரக்குதான் தண்ணியை வெளியே நிறுத்துது" என்றார். நூல் விற்றவன் என்ற முறையில் நான் அதைக் குனிந்து தடவிப் பார்த்தேன். நல்ல பருத்தி.

மாணவர்கள் எங்கள் சட்டையில் வரிசையாக நின்றார்கள். ஒருவன் நெஞ்சில் மட்டும் கொடி பின்னோக்கிப் பறந்தது. பயிற்சிக்கான சின்னப் படகில் அவன் என்ன செய்தானோ பாவம், காது சிவந்திருந்தது. எனக்கு அவன்மேல் தனிப் பாசம் பிறந்தது.

பிறகு தலையைத் தூக்கி, பாய்மர உச்சியைப் பார்த்தேன். உண்மையான கொடி, நீலம், முக்கோணம். அன்று துளிக் காற்றுகூட இல்லை. கொடி மரத்தோடு ஒட்டி, முன்னும் இல்லாமல் பின்னும் இல்லாமல், நேராகக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் அக்கா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டிருந்தார். "ஐயா, இப்பச் சொல்லுங்க, எங்கிட்டுப் பறக்கும்?"

என் மனைவியும் மருமகளும் திரும்பிப் பார்த்தார்கள். பொருத்தமான பாட்டு ஒன்று நாக்கு நுனிவரை வந்தது.

"காத்து வரட்டும் அக்கா. பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன்.